ஆறாவது பெட்டியில் சீனி

அத்தியாயம் 4

கள்ளன் படச்சுருளை எடுத்துக்கொண்டு, அது இருந்த பெட்டிக்குள் எட்டுச் சீனிப் பக்கற்றுகளை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

"உது களவில்லை, பண்டமாற்று," என்றேன் நான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரி துர்க்கா அழுவதற்கு ஆயத்தமாக இருந்தாள். அவள் கணவன் ஸ்ரீதரன் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு, பிரிட்ஜுக்கு மேலே எதையோ தேடிக்கொண்டிருந்தான். யோகராணி அக்கா மட்டும் அந்த வட்டத் தகரப்பெட்டியைக் கையில் எடுத்து, மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

யோகராணி அக்கா இருபத்திரண்டு வருஷம் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் கிளெயிம் பிடித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பொய் பிடிக்கிற மூக்கு ஓய்வு பெறவில்லை. நான் வாகீசன். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், சனி ஞாயிறில் அக்காவை ஓட்டுகிறேன். அக்காவுக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் ஹைவேயில் ஏறமாட்டார், பொய்களோ எப்போதும் ஹைவேக்கு அந்தப் பக்கம்தான் நடக்கின்றன.

அன்றைக்குப் போனது ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு. எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த புதுத் தெரு. நான் பக்கத்து வீட்டு மணியை அடித்து, யாரோ ஒருவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது மணி பதினொன்று.

"முதல்ல இருந்து சொல்லும் பிள்ளை," என்றார் அக்கா.

துர்க்காவுக்கு முப்பத்துநாலு வயது. வேலை பல் கிளினிக்கில், விசர் வேறு இடத்தில். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில் கையில் காசில்லாத ஆட்கள் எடுத்த வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்களைச் சுருள் சுருளாகச் சேர்க்கிறாள். நூல் தெரியத் தொங்கும் பறக்கும்தட்டு, கதவைச் சாத்தினால் குலுங்கும் மலை, இடப்பக்கம் ஓடிய மூன்று சிப்பாய்களே தொப்பியை மாற்றிக்கொண்டு வலப்பக்கம் ஓடிவந்து பெரும்படை ஆவது, இதெல்லாம் அவளுக்கு உயிர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏதாவதொரு மண்டபத்தில் புரொஜெக்டரை வைத்து, மைக்கில் தமிழ் வர்ணனையோடு ஓட்டிக் காட்டுவாள். நானும் ஒருமுறை போய் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

இன்றைய படம் 'புளூட்டோவின் பசி'. 1956இல் பிக்கரிங் பக்கத்துக் கல்லுக்குழி ஒன்றில் ஒன்பது நாளில் எடுத்தது. ஆறு சுருள். வேறு பிரதி கிடையாது. புளூட்டோவிலிருந்து வருகிற பூதம் ரொறன்ரோவைத் தின்னப் பார்க்கிறது. பூதத்துக்கு உடம்பு குளியலறைத் திரை, கை இரண்டும் வாக்கும் கிளீனர் குழாய், தலை சோறு வடிக்கிற ஓட்டைப் பாத்திரம்.

"அந்தப் பூதத்துக்குள்ள நிண்ட ஆள் இன்னும் இருக்கிறா, அன்ரி," என்றாள் துர்க்கா. "மார்ஜரி. தொண்ணூறு வயசு. ஸ்காபரோவில ஒரு முதியோர் இல்லத்தில. அவவுக்காகத்தான் இண்டைக்கு அங்க போய்ப் போடுறம். மூண்டு மணிக்கு."

"பூதத்துக்கே பூதப்படம் காட்டப் போறியள்," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. படம் முழுக்க அவவின்ர முகம் தெரியாது. கடைசிச் சுருளிலதான் அந்தத் தலையைக் கழட்டுறதாம், அப்பத்தான் முகம் தெரியுமாம். அவ சொன்னவ. பேர் ஒண்டும் போடேல்லை. அந்த ஆறாவது சுருள் இல்லாட்டி, உள்ளுக்கு நிண்டது அவதான் எண்டுறதுக்கு ஒரு சாட்சியும் இல்லை. அவ அந்தச் சுருளை இண்டைவரைக்கும் பாக்கேல்லை. நானும் பாக்கேல்லை. பழைய சுருள், ரெண்டு மூண்டு தரத்துக்கு மேல ஓடாது. எல்லாரோடையும் சேர்ந்து பாப்பம் எண்டு வச்சிருந்தன்."

சொல்லிவிட்டு அழுதேவிட்டாள். எனக்கும் ஒரு மாதிரிப் போய்விட்டது. பகிடியை நிறுத்தினேன், கொஞ்ச நேரத்துக்கு.

"எப்ப கடைசியாய்க் கண்டனீர்?" என்று கேட்டார் அக்கா.

"புதன் பின்னேரம் கிழிசல் இருக்கோ எண்டு தொடக்கத்தை மட்டும் பாத்திட்டு, பெட்டியை மூடி இந்த மேசையிலேயே வச்சன். வியாழனும் வெள்ளியும் பெட்டி இதிலதான் இருந்தது, என்ர கண்ணால கண்டனான். இண்டைக்குக் காலமை எடுத்தன், பாரமில்லை. திறந்தால் சீனி."

"ஆரிலையும் சந்தேகமோ?"

துர்க்கா போனை நீட்டினாள். கிருபன் என்று ஒருவன். அவனும் இதே விசர் உள்ளவன், இந்தப் படத்தைத் தனக்குத் தரச்சொல்லி ஆறு மாதமாய் நச்சரிப்பவன். காலையில் அனுப்பியிருந்த செய்தி: 'படம் எப்படி முடியுது?' பக்கத்தில் கண்ணடிக்கிற மஞ்சள் முகம்.

"முடிஞ்சுது அலுவல்," என்றேன். "அட்ரஸைத் தாரும், போய் அமுக்குவம்."

"வாகீசன், நீர் இரும்," என்றார் அக்கா.

ஸ்ரீதரன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான். "பிஸ்கட் முடிஞ்சு போச்சு, குறை நினையாதேங்கோ," என்றான். என் கோப்பையில் இனிப்புப் போதவில்லை. பெட்டிக்குள் இருந்த பக்கற் ஒன்றை எடுத்துக் கிழிக்கப் போனேன். அக்கா புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"சாட்சியத்தைச் சாப்பிடுறேல்லை."

"எட்டில ஒண்டுதானே அக்கா."

"சரி, நீர் சொல்லும். கள்ளன் வாறான், சுருளை எடுக்கிறான். பிறகு என்ன செய்வான்?"

"ஓடுவான்."

"நிண்டு பெட்டியைத் துடைப்பானோ? இதைப் பாரும், உள்ளுக்கு ஒரு தூசி இல்லை. துடைச்சுப்போட்டு சீனியும் வைப்பானோ?" அக்கா துர்க்காவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, உங்கட வீட்டுக்கு ஆரும் ஒரு ஏனத்தில பலகாரம் குடுத்துவிட்டால், ஏனத்தை வெறுமனே திருப்பிக் குடுப்பியளோ?"

"சீ, இல்லை அன்ரி. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் குடுக்கிறது."

"அதுதான். உது களவு போன பெட்டி இல்லை. ஆரோ திருப்பிக் குடுத்த ஏனம்."

"பெட்டிதான் மேசையை விட்டு அசையவே இல்லையே," என்றாள் துர்க்கா.

"அதைப் பிறகு சொல்லுறன். குடுத்த ஆள் ஆர் எண்டு முதல்ல பாப்பம். கோப்பிக் கடைச் சீனி எண்டால் கடைப் பேர் இருக்கும். இதில இங்கிலிசிலையும் பிரெஞ்சிலையும் சீனி எண்டு மட்டும் போட்டிருக்கு. ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில தட்டில வைக்கிற பக்கற். மூடி விளிம்பில பசை பிடிக்குது, காயத்துக்கு ஒட்டுற வெள்ளைப் பிளாஸ்டரின்ர பசை. அப்ப, எங்கட தமிழாள், அப்பிடி ஒரு இடத்தில வேலை."

"ஸ்காபரோவில பாதிச் சனம் அதுதான் அக்கா," என்றேன்.

அக்கா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, ஸ்ரீதரனைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ பேரை வியர்க்க வைத்த பார்வை அது.

"தம்பி, கேத்தில் கொதிக்கேக்க பிரிட்ஜுக்கு மேல இருந்து ஒரு வட்டப்பெட்டி எடுத்தீர். திறந்து பாத்தீர். உடன மூடி மேல வச்சிட்டு, பிஸ்கட் முடிஞ்சுது எண்டு வந்தீர். அந்தப் பெட்டிக்குள்ள என்ன?"

ஸ்ரீதரன் சுவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், ஏதோ நான் காப்பாற்றுவேன் என்கிற மாதிரி.

"அரியதரம்," என்றான்.

துர்க்கா எழும்பிவிட்டாள். "என்ர பெட்டிக்குள்ள எண்ணெய்ப் பலகாரமோ? எத்தினை தரம் சொன்னனான்?"

"அது சும்மா கிடந்த பெட்டி, துர்க்கா. படம் இல்லாதது. காத்துப் போகாதெண்டு..."

கதை துண்டு துண்டாக வெளியே வந்தது. புதன்கிழமை ஸ்ரீதரனின் அக்கா பிக்கரிங்கிலிருந்து அரியதரம் கொண்டுவந்திருக்கிறார். இவன் துர்க்காவுக்குத் தெரியாமல் அதை ஒரு வெற்றுப் பெட்டிக்குள் அடுக்கி, மேசையில் வைத்திருக்கிறான். பக்கத்தில் துர்க்கா வைத்த பெட்டி. இரண்டும் ஒரே வட்டம், ஒரே தகரம். இலக்கம் எழுதியிருப்பதோ மூடியின் உட்பக்கம். வியாழன் மத்தியானம், பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் கஜனி வேலைக்குப் புறப்பட்டபோது, ஒரு பெட்டியைத் தூக்கி 'கொண்டுபோய்ச் சாப்பிடும்' என்று கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு துர்க்கா இரண்டு நாளாய்த் தன் கண்ணால் கண்டது அரியதரத்தை. இன்று காலையில் கஜனி பெட்டியைத் திருப்பி மேசையில் வைத்துவிட்டுப் போக, துர்க்கா எழும்ப முதல் இவன், திரும்பி வந்த வெற்றுப் பெட்டி என்று நினைத்து, மற்றதை எடுத்து பிரிட்ஜுக்கு மேலே ஒளித்திருக்கிறான்.

"உள்ளுக்கு அரியதரம் இருக்கிறதைக் கண்டவுடன விளங்கீட்டுது அன்ரி," என்றான். "சொல்லப் பயமாய் இருந்தது."

"கஜனிக்கு எங்க வேலை?"

துர்க்காதான் பதில் சொன்னாள். அவள் குரலே மாறியிருந்தது. "மார்ஜரி இருக்கிற அதே இல்லத்தில."

* * *

மார்க்கம் ரோட்டில் தெற்கே இறங்கினோம். துர்க்காவும் ஸ்ரீதரனும் புரொஜெக்டரையும் மற்ற ஐந்து சுருளையும் ஏற்றிக்கொண்டு தங்கள் காரில் பின்னால் வந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். துர்க்காவின் வாய் ஓயாமல் அசைந்தது, ஸ்ரீதரனின் வாய் அசையவே இல்லை.

"கஜனி திறந்து பாத்திருப்பா, படச்சுருளைக் கண்டு குப்பையில போட்டிருப்பா," என்றேன்.

"குப்பையில போட்டவ சீனி வைப்பாவோ? சுருள் எங்கயோ பத்திரமாய் இருக்கு. எங்க எண்டு அவவுக்குத் தெரியும்."

அக்கா சொன்னதில் பாதிதான் சரி. மற்றப் பாதி பிழைத்ததை நான் சாகும்வரை சொல்லிக் காட்டுவேன்.

இல்லத்துக்குப் போய்ச் சேரப் பன்னிரண்டரை. கஜனியை இரண்டாம் மாடி நடையில் பிடித்தோம். சிவந்த கண், கசங்கிய சீருடை, கையில் ஒரு சின்னக் கருவி. அக்கா தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"ஒரு துண்டுதான் குடுக்க நினைச்சனான் அன்ரி. சத்தியமாய். என்ர வேலையைப் பறிச்சுப் போடாதேங்கோ."

"என்னத்தில ஒரு துண்டு?"

"அரியதரம். மார்ஜரிக்குச் சரியான விருப்பம், ஆனால் அவவுக்குச் சீனி வருத்தம். வியாழக்கிழமை பெட்டியை மேசையில வச்சன், மற்ற அறையில மணி அடிச்சுது, ஓடினன். திரும்பி வந்தால், 'எல்லாம் முடிச்சிட்டன், நல்ல ருசி' எண்டா. முழுப் பெட்டியையும். நான் செத்துப்போனன் அன்ரி. அண்டையில இருந்து, வேலையில நிக்கிற நேரமெல்லாம், ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா விரலில குத்திப் பாக்கிறன். கொஞ்சம்கூட ஏறேல்லை. என்னைவிட நல்லாய் இருக்கிறா."

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"நீர் பெட்டியைத் திறக்கவே இல்லையோ?" என்று கேட்டேன்.

"தந்த ஆளுக்கு முன்னால திறக்கிறது வடிவில்லை எண்டு அப்பிடியே கொண்டுவந்தனான். நேற்று அவ மூடி, பிளாஸ்டர் சுத்தித் தந்தவ. வீட்டை போய்ப் பிளாஸ்டரைக் கழட்டிப்போட்டு இண்டைக்குக் காலமை வச்சிட்டு வந்தன்."

"அப்ப சீனி வச்சது நீர் இல்லையோ?" என்றார் அக்கா.

"என்ன சீனி?"

யோகராணி அக்காவின் வாய் திறந்தபடி நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். போனை எடுத்துப் படம் பிடிக்கலாமா என்று யோசித்தேன். உயிருக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

"கடைசியில புளூட்டோப் பூதம்தான் படச்சுருளைத் திண்டிருக்கு," என்றேன்.

* * *

மார்ஜரியின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. சன்னலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி. அதில் மெலிந்த, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. இரண்டு கையிலும் இல்லத்து நீலக் கையுறை. மடியில் படச்சுருள். பார்த்து முடித்த பகுதியை வெறும் குவளை ஒன்றின்மேல் அழகாகச் சுற்றி வைத்திருந்தார். ஒரு முழத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு சின்னக் கட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைக் கண்டதும் சுருளை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சீனி கிடைத்ததா?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார். கஜனி கற்றுக்கொடுத்த நாலைந்து தமிழ்ச் சொல்லை இடையிடையே ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டார். சீனி என்பதைச் சுத்தமாகச் சொன்னார்.

"கிடைத்தது," என்றார் அக்கா, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு. "உங்களுக்கு இதை யார் சொல்லித் தந்தது?"

"கஜனி. அவள் கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்தால் நான் கழுவிக் கொடுப்பேன். ஒருநாள், வெறுமையாகக் கொடுக்கிறீர்களே என்று சிரித்தாள். அதற்குப் பிறகு நான் வெறுமையாகக் கொடுத்ததில்லை. எனக்குச் சீனி தரமாட்டார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் மற்றவர்களுடைய தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். எட்டுப் பக்கற் எடுக்க இரண்டு நேரச் சாப்பாடு பிடித்தது."

கதவோரம் நின்ற கஜனி தலையில் கை வைத்தாள். அக்கா என் பக்கம் திரும்பாமலே, "வாயைத் திறக்காதேயும்," என்றார். நான் திறக்கவில்லை. தமிழாள் என்று அடித்துச் சொன்னவர் அவர்தானே.

துர்க்காவும் வந்து சேர்ந்தாள். சுருளைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"ஏன் ஒளித்தீர்கள்?" என்று அவள் கேட்டபோது அதில் கோபம் இல்லை. "மூன்று மணிக்கு உங்களுக்காகத்தானே போடுகிறோம்."

மார்ஜரி பூதக்கண்ணாடியை மடியில் வைத்தார்.

"படம் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டு ஆட்கள் ஒன்பது பேரை நான் கூட்டிக்கொண்டு போனேன். திறந்தவெளித் தியேட்டர். அப்பாவுக்கு முன் சீற். கடைசியில் பாருங்கள், தலையைக் கழற்றுவார்கள், நான் வருவேன் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப்போனேன். ஐந்து சுருள் ஓடியது. ஆறாவது வந்துசேரவில்லை என்று சொல்லி, சோளப்பொரி விளம்பரம் போட்டார்கள். அப்பா காரைத் திருப்பினார். 'அதற்குள்ளே யார் இருந்தாலும் ஒன்றுதான்' என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் பொய் சொன்னதாக நினைத்துக்கொண்டுதான் அவர் செத்தார்."

மார்ஜரி சுருளின் விளிம்பைக் கையுறை விரலால் நீவினார்.

"என் முகத்தை வெட்டி எறிந்துவிட்டு, வேறொரு பெண்ணை வைத்து எடுத்திருந்தால்? அவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள்தான். இன்னொரு முறை எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு நான் அசடு வழிய முடியாது. முதலில் நான் தனியாகப் பார்க்க வேண்டும். அதில் நான் இல்லையென்றால் இந்தச் சுருள் உங்களுக்குக் கிடைக்காது. கழிவறையில் போட்டு நீரை இழுத்துவிடுவேன்."

"நானூறு அடி, அது போகாது," என்றாள் துர்க்கா, மெல்லிய குரலில்.

அக்கா கையுறைப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "வாகீசன், போடும். நீர் பிடியும். அம்மா பாக்கட்டும்."

அடுத்த ஒரு மணித்தியாலமும் நான் சன்னலோரம் கொடிக்கம்பி மாதிரி நின்றேன். இரண்டு கைக்கும் நடுவில் ரொறன்ரோ அழிந்துகொண்டிருந்தது. நகத்தளவுக் கட்டங்களில் சிப்பாய்கள் தொப்பி மாற்றினார்கள், பறக்கும்தட்டு நூலோடு வந்தது, பூதம் வாக்கும் கிளீனர் கையால் ஒரு பாலத்தைத் தள்ளியது. மார்ஜரி கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. சுருள் மெலிந்துகொண்டே வந்தது. ஒரு விஞ்ஞானி பெரிய விசை ஒன்றை இழுத்தான். பூதம் விழுந்தது. இரண்டு கை வந்து ஓட்டைப் பாத்திரத்தைப் பிடித்தது.

மார்ஜரி மூச்சை இழுத்துப் பிடித்தார். நானும்தான்.

"நான்," என்றார். "நான்தான்."

துர்க்கா குனிந்து எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள். பிறகு, சொல்லாமல் இருக்கலாமா என்று யோசிக்கிற முகத்தோடு நிமிர்ந்தாள்.

"எத்தனை?" என்று கேட்டார் மார்ஜரி.

"பன்னிரண்டு கட்டம். அரை வினாடி."

நாலு அங்குலம்கூட இல்லை. கிட்டத்தட்ட எழுபது வருஷம் காத்திருந்தது இந்த நாலு அங்குலத்துக்கு. அந்தப் படத்தை எடுத்தவன் எங்கே புதைந்திருக்கிறான் என்று தெரிந்தால், போய் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

"யாராவது தும்மினால் போயிற்று," என்றார் மார்ஜரி. சிரிக்கத்தான் பார்த்தார்.

"படத்தை அந்த இடத்தில நிப்பாட்டேலாதோ?" என்று கேட்டார் அக்கா.

"நிப்பாட்டினால் பல்ப் சூட்டில முகம் எரிஞ்சு போயிடும் அன்ரி."

எனக்குப் பள்ளிக்கூட பஸ் ஞாபகம் வந்தது. நாற்பது வாண்டுகளை ஒரே நேரத்தில் ஒரு பக்கம் பார்க்கவைக்க ஒரேயொரு வழிதான் எனக்குத் தெரியும்.

"துர்க்கா, அவன் விசையை இழுக்கிற இடத்தில இருந்து முகம் வரைக்கும் எவ்வளவு நேரம்?"

அவள் என் கைகளுக்கிடையில் தொங்கிய துண்டை அளந்தாள். "ஆறடி. பத்து வினாடி." பிறகு என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

"உம்மட வாயால எனக்கு இண்டைக்குத்தான் ஒரு பிரயோசனம்," என்றார் அக்கா.

* * *

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. முன்னால் சக்கர நாற்காலிகள், பின்னால் மார்க்கத்திலும் பிக்கரிங்கிலும் இருந்து வந்த நம்மவர்கள். மூன்றாம் வரிசையில் கிருபன், கையைக் கட்டிக்கொண்டு. ஸ்ரீதரன் பிரிட்ஜுக்கு மேலிருந்த பெட்டியை எடுத்துவந்து, இந்த முறை மூடியைத் திறந்து நாலு பேருக்குக் காட்டிவிட்டே மார்ஜரியிடம் கொடுத்தான். ஒன்று சாப்பிட அனுமதி என்று கஜனி விரலைக் காட்டிவிட்டு, மிச்சத்தை மண்டபத்தில் பகிர்ந்து கொடுத்தாள்.

ஐந்து சுருளுக்கும் துர்க்காவின் வர்ணனை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆறாவது சுருள் பாதியில் மைக்கை என்னிடம் தந்தாள். விஞ்ஞானி விசையில் கை வைத்தான்.

"எல்லாரும் என்னோட எண்ணுங்கோ. கண் வெட்டக்கூடாது," என்றேன். "பத்து."

ஒன்பதில் பின்வரிசை சேர்ந்தது. ஏழில் சக்கர நாற்காலிகள் ஆங்கிலத்தில் சேர்ந்தன. நாலில் மண்டபம் அதிர்ந்தது. கிருபன்கூட எண்ணினான். மூன்று. இரண்டு. ஒன்று.

இருபது வயதுப் பெண்ணொருத்தி. வியர்த்த முகம். நெற்றியில் ஓட்டைப் பாத்திரத்தின் சின்னச் சின்ன வட்டங்கள் பதிந்திருந்தன. சாகிற பூதம் அழவேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவள் பல் தெரியச் சிரித்தாள்.

அவ்வளவுதான். திரை வெள்ளையானது.

ஒருவரும் கை தட்டவில்லை. கதிரைகள் கிறீச்சிட்டன. மண்டபம் முழுவதும் திரும்பி மார்ஜரியைப் பார்த்தது. அவர் கை தன் நெற்றிக்குப் போயிருந்தது, அந்த வட்டங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பதுபோல். யாரையும் பார்க்காமல், "அப்பா, நான்தான்," என்றார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் எழும்பியது, அது நிற்கிறதாக இல்லை. கிருபன் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்னான். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது அவனுக்கு.

புறப்படும்போது மார்ஜரி அக்காவைக் கூப்பிட்டு, ஸ்ரீதரனின் பெட்டியை நீட்டினார். மூடியைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டர்.

காரில் ஏறியதும் குலுக்கிப் பார்த்தேன். "திரும்பவும் சீனிதான் அக்கா. சாப்பாட்டு மண்டபத்தில சனம் கத்தப் போகுது."

அக்கா பெட்டியை வாங்கி, பிளாஸ்டரைக் கழற்றித் திறந்தார். உள்ளே ஒரேயொரு பாதி அரியதரம். ஒரு பக்கம் கடித்திருந்தது. அனுமதித்த அந்த ஒன்றில் பாதியைத் தின்றுவிட்டு, வெறுமையாகக் கொடுக்கக்கூடாதென்று மற்றப் பாதியை வைத்திருந்தார்.

"சாட்சியம், அக்கா," என்றேன்.

அக்கா அதை இரண்டாக உடைத்தார். பெரிய துண்டை என்னிடம் தந்துவிட்டு, மற்றதை வாயில் போட்டுக்கொண்டு, "மெதுவாய் எடும், ஹைவேயில ஏறாதேயும்," என்றார்.